ஆபீஸ் அறை மின்விசிறி

என் அப்பாவின் இடது காலில் இரும்புத் தகடு விழுந்ததற்கு யார் பொறுப்பு என்று அம்மா கேட்டபோது, இரும்பு யார்டு முதலாளி பூமியின் மேல் பழியைப் போட்டார். ஆஸ்பத்திரி வராண்டாவில், வெள்ளைச் சட்டை கசங்காமல் நின்றபடி அவர் சொன்னதை, ஒன்பதாம் வகுப்புச் சீருடையோடு பக்கத்தில் நின்ற நான் அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன்.

“இரும்புன்னா கீழ விழத்தாம்மா செய்யும். அது அதோட குணம். கிட்ட நிக்கிறவன்தான் நிதானமா இருக்கணும்.”

நிதானம் என்று அவர் எதைச் சொன்னார் என்பது அம்மாவுக்குப் புரிந்தது, எனக்கும் புரிந்தது. சில நாட்களில் காலடிப்பேட்டையில் எங்கள் தெருவுக்கே புரிந்துவிட்டது. என் நைனா குடித்துவிட்டு வேலைக்குப் போனார், தடுமாறினார், கால் போயிற்று. நைனா குடிப்பவர்தான். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும். தகடு விழுந்தது செவ்வாய்க்கிழமை காலை. அந்தப் பொய் நன்றாக ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், அதன் அடியில் ஒரு சனிக்கிழமை அளவுக்கு உண்மை இருந்ததுதான். கட்டைக் காலோடு அவர் மாதா கோயிலுக்குப் போக ஆரம்பித்தபோது, பூசை முடிந்து குசலம் விசாரிக்க வருகிறவர்கள் தேவைக்கு மேல் ஓர் அடி நெருங்கி வருவார்கள். மோப்பம் பிடிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். கொஞ்ச காலத்தில் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அம்மா மட்டும் போய்விட்டு வருவாள்.

முதலாளி சொன்ன வாக்கியத்தில் ஓர் இயற்பியல் பிழை இருந்தது. அதை எடுத்துச் சொல்லும் அளவுக்கு அன்று எனக்கு வயதில்லை. ஆனால் பிழையின் ஒரு நுனி அதற்கு முந்தின வருடமே என் கையில் இருந்தது.

எட்டாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சி. வெடித்துப்போன ஸ்பீக்கர்களிலிருந்து நைனா வளையக் காந்தங்களைப் பிரித்துக்கொண்டு வந்து தந்தார். அவற்றை ஒரு பென்சிலில் கோத்தேன். ஒரே முனைகள் எதிரெதிரே வரும்படி வைத்தால் மேலே இருக்கும் வளையம் அந்தரத்தில் நிற்கும். விரலால் அழுத்தினால் இறங்கும், விட்டால் எழும்பி வரும். பின்னால் சார்ட் ஒட்டி, பெரிய எழுத்தில் ‘ஈர்ப்பு விசையை ரத்து செய்யும் கருவி’ என்று எழுதினேன். அறிவியல் டீச்சர் வந்தார். கேன்டீனிலிருந்து தராசு ஒன்றை வரவழைத்து, என் கருவியை அதன்மேல் வைத்தார். பிறகு மிதந்த வளையத்தைக் கழற்றிப் பக்கத்திலேயே கிடத்தி, திரும்ப எடை போட்டார். முள் நகரவில்லை. மிதந்தாலும் அதே எடை, கிடந்தாலும் அதே எடை.

“ரத்து ஆகலை. மேல இருக்கறதைக் கீழ இருக்கறது தாங்குது, அவ்வளவுதான்” என்றார் டீச்சர். ‘ரத்து செய்யும்’ என்பதை அடித்து ‘எதிர்க்கும்’ என்று எழுதிவிட்டுப் போனார்.

அன்று எனக்கு அழுகை வந்தது. பரிசு போய்விட்டதே என்று. இப்போது யோசித்தால், என் தொழிலுக்கு நான் கற்ற பெரிய பாடம் அதுதான். மின்சாரத்துக்கு ரப்பர் உறை போடலாம், ஒளிக்குத் திரை போடலாம், சத்தத்துக்குச் சுவர் எழுப்பலாம். புவியீர்ப்புக்குக் குறுக்கே வைக்க ஒரு பொருளும் கிடையாது. அதை அணைக்கிற சுவிட்ச் கிடையாது. பாரத்தை ஒழிக்கவே முடியாது. கைமாற்றித் தர மட்டுமே முடியும்.

பாலிடெக்னிக்கில் சேர்ந்த முதல் பருவத்தில், புவியீர்ப்பை எதிர்க்கும் விசைகளைப் பட்டியலிடச் சொன்னார்கள். பட்டியல் என்றால் எனக்கு உயிர். புத்தகத்தில் இருந்ததை எழுதி முடித்த பிறகும் கை நிற்கவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போது எங்கள் பக்கத்தில் எதை எது தாங்குகிறது என்று நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன்:

காசிமேட்டில் படகுகளை — தண்ணீர்.
துறைமுகத்தில் கன்டெய்னரை — கம்பிவடத்தின் இழுவிசை.
நெட்டுக்குப்பத்துக்கு மேலே போகும் புகையை — அதன் சொந்தச் சூடு. ஆறியதும் சாம்பலாகத் துணிமேல் இறங்கும்.
மார்க்கெட்டில் மீன்கூடையை — அம்மாவின் கழுத்து.
சாத்தாங்காட்டில் இரும்புத் தகட்டை — மின்காந்தம், மின்சாரம் இருக்கும்வரை.

கடைசி வரியை எழுதியதும் பேனா நின்றுவிட்டது. முதலாளியின் பிழை அங்கேதான் இருந்தது. இரும்பு கீழே விழுவதற்குக் காரணமே வேண்டியதில்லை. பூமி அன்று காலையிலும் இழுத்தது, அதற்கு முந்தின காலையிலும் அதே அளவுதான் இழுத்தது. காரணம் வேண்டியது விழாமல் இருப்பதற்கு. அந்தக் காரணத்தை யாரோ ஒருவர் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். தகடு விழுந்தால், கேள்வி பூமிக்கு அல்ல, அந்த ஆளுக்கு.

அந்த ஆள் யார் என்று நைனாவுக்கு அடிபட்ட நிமிடத்திலேயே தெரியும்.

சாத்தாங்காடு யார்டுகளில் பெரிய தகடுகளை மின்காந்தக் கிரேனால்தான் தூக்குவார்கள். வட்டமான, கனத்த காந்தம். கரண்டு பாய்ந்தால் தகடு ஒட்டிக்கொள்ளும். கரண்டு போனால் விட்டுவிடும். அப்படி விடாமல் இருக்க வரிசையாகப் பேட்டரிகளை ஒரு பெட்டியில் அடுக்கி வைத்திருக்க வேண்டும். கரண்டு போன கணத்திலேயே பேட்டரி காந்தத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லாப் பேட்டரியும் ஒன்றின் பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. இடையில் நாலு எடுத்துவிட்டால் மீதி இருப்பவையும் வேலை செய்யாது.

அன்று நைனா தகட்டுக்கு அடியில் நிற்கவில்லை. ஓரத்தைக் கையால் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். அந்த யார்டில் அப்படித்தான் வேலை. கயிறு கட்டித் திருப்பினால் நேரமாகும் என்பார்கள். கரண்டு போனது. தகடு ஓரமாகக் குத்தி, சாய்ந்து, அவர் கால்மேல் படுத்தது. அதற்குப் பிறகு நடந்ததை அவர் எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒருமுறைகூட வார்த்தை மாறியதில்லை.

“கரண்டு பூட்ச்சி. யார்டே கம்முனு ஆயிட்ச்சி. நான் கீய கெடக்கறேன். அங்கிருந்து பாத்தா ஆபீஸ் ரூம் சன்னல் தெரியும். உள்ள ஃபேன் சுத்திகினு கீது பாப்பா. கரண்டே இல்ல, ஃபேன் எப்டி சுத்தும்?”

காந்தத்துக்கு இருந்த பேட்டரிகளில் நான்கு ஆபீஸ் இன்வெர்ட்டருக்குப் போயிருந்தன. கரண்டு போன புழுக்கத்தில் முதலாளிக்கு வேர்க்கக் கூடாது. யார்டில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கிரேன் ஓட்டியவரும் திறக்கவில்லை, அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். விசாரணைக்கு ஆட்கள் வந்தபோது பெட்டி நிறையப் பேட்டரி இருந்தது, நைனாவின் சட்டையில் சாராய நாற்றமும் இருந்ததாக எழுதினார்கள். அந்தச் சட்டை ஆஸ்பத்திரியில் ரத்தத்தோடு வெட்டி எறியப்பட்டது. அதை யார் மோந்து பார்த்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அன்று என் அப்பா குடித்திருக்கவில்லை என்று அந்த மனிதர், அந்த யார்டில், அந்த ஆட்கள் முன்னால், தன் வாயால் சொல்ல வேண்டும். நஷ்ட ஈடு, மன்னிப்பு எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் ஒரே வரிதான்.

டிப்ளமோ முடித்து, அதன்மேல் இன்ஜினீயரிங்கும் முடித்து, கிரேன்களையும் சங்கிலிகளையும் சோதித்துச் சான்று கொடுக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பெண்பிள்ளைக்கு ஏன் கிரீஸும் கொக்கியும் என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். துறைமுகத்துக் கிரேன்களில் ஏறினேன், எண்ணூரில் ஏறினேன். சாத்தாங்காட்டுப் பக்கத்து வேலை யார்டு யார்டாக வந்தது. அந்த யார்டின் பெயர் என் மேஜைக்கு வந்த அன்று, நேராக மேனேஜரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மறைத்து வைத்துக்கொண்டு போய், பிறகு அது வெளியே தெரிந்து, சொந்தப் பகை என்று என் அறிக்கையைத் தூக்கி எறிந்துவிட்டால் எல்லாம் வீண். அவர் ஃபைலை என் பக்கமே திருப்பித் தள்ளினார்.

“நீயே போ. ஆனா ஒவ்வொரு வரியையும் நான் உக்காந்து சரிபார்ப்பேன். ஒரு வரிகூட உங்க வீட்லருந்து வந்திருக்கக் கூடாது.”

எனக்கு அது சம்மதம். பழி என்பது அளவோடு இருந்தால்தான் நிற்கும். ஒரு பங்கு கூடினால் எதிராளிக்கு அதையே பிடித்துக்கொண்டு தப்பிக்க வழி கிடைத்துவிடும்.

போவதற்கு முந்தின நாள் நைனாவிடம் சொன்னேன். பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டு டீவி பார்த்துக்கொண்டிருந்தவர் சத்தத்தைக் குறைத்தார். ஆயுத பூஜை கதையை எடுத்தார். வருடா வருடம் பூஜை முடிந்ததும் காந்தம் முதல் தகட்டைத் தூக்கும். முதலாளி அதற்கு அடியில் போய் நின்று, சூடம் ஏற்றி, தேங்காய் உடைத்துவிட்டு வெளியே வருவார். அவருடைய அப்பா காலத்துப் பழக்கம் அது. என் இரும்பு என்னை ஒன்றும் செய்யாது என்று ஆட்களுக்குக் காட்டுவதற்கு. எல்லாரும் கை தட்டுவார்கள். நைனாவே தட்டியிருக்கிறார், சிலுவை போட்டுக்கொண்டு, திருநீறும் வாங்கிக்கொண்டு.

“எனுக்கு அடிபட்டதுலருந்து அவுரு காந்தத்துக்கு அடியில போறதில்லியாம். அந்தாண்ட செயின் கிரேன் கீது பாரு, அதுக்கு அடியில நின்னு ஒடைக்கிறாராம். தேங்காய்க்கு இன்னா தெரியும்?” என்று சிரித்தார். பிறகு, “ஃபேனை மட்டும் பாத்துட்டு வா” என்றார்.

யார்டில் முதலாளியே வாசலுக்கு வந்து வரவேற்றார். தலை நரைத்திருந்தது. சட்டை அதே வெள்ளை. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சீருடை போட்ட பெண்பிள்ளையை அன்றும் அவர் பார்த்திருக்க மாட்டார். ஊர் எது என்று கேட்டார், காலடிப்பேட்டை என்றேன். அட, நம்ம பக்கம்தான் என்று சந்தோஷப்பட்டார். மோர் வரவழைத்தார். வேலை முடிந்ததும் குடிக்கிறேன் என்றேன்.

சங்கிலிக் கிரேன் நன்றாக இருந்தது. மிக நன்றாகவே இருந்தது. கண்ணிக்குக் கண்ணி எண்ணெய், கொக்கியில் பூட்டு, பெயின்ட் புதிது. தன் தலை போகும் இடத்தை ஒரு மனிதர் எவ்வளவு அழகாகப் பராமரிக்கிறார் என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். ‘தேர்ச்சி’ என்று எழுதினேன். அதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

பிறகு மின்காந்தம். பேட்டரிப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். நிறைந்திருந்தது. வரிசையில் எல்லாம் தூசி படிந்தவை, ஒரு மூலையில் நான்கு மட்டும் துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தன. தகட்டை முழங்காலுக்குக் கீழ் உயரத்தில் தூக்கி நிறுத்தச் சொன்னேன். அடியில் மரக்கட்டைகள் போட்டேன், சுற்றிலும் சிவப்பு ரிப்பன் கட்டினேன். ஆட்களையெல்லாம் ரிப்பனுக்கு வெளியே நிறுத்தினேன்.

வழக்கமாக இந்தச் சோதனையில் கிரேனுக்கு வரும் கரண்டை மட்டும் நிறுத்துவார்கள். நான் யார்டின் மெயினையே இறக்கச் சொன்னேன். எதற்கு என்று முதலாளி கேட்டார்.

“நிஜமா கரண்டு போனா எல்லாத்துக்கும்தானே சார் போகும்.”

அவர் மெயின் பக்கம் நின்ற ஆளுக்குக் கை காட்டினார். என் கண் காந்தத்தின் மேல் இல்லை. நைனா கிடந்த இடத்தை விசாரித்து வைத்திருந்தேன், அங்கே போய் நின்றிருந்தேன். அங்கிருந்து ஆபீஸ் சன்னல் தெரிந்தது. உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மெயினை இறக்கிய பிறகும் அது சுற்றினால், பேட்டரி எங்கே இருக்கிறது என்று கேட்பேன். நின்றுவிட்டால், எங்கே இருந்தது என்று கேட்பேன். இரண்டுக்கும் நான் தயாராக இருந்தேன்.

மெயின் இறங்கியது. யார்டு கம்மென்று ஆயிற்று. தகடு காந்தத்தோடு ஒட்டியே நின்றது. முதலாளி முகத்தில் வெளிச்சம் வந்தது. சன்னலுக்குள் மின்விசிறி மெதுவாகி, இறக்கைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்து, நின்றது.

“பாத்தீங்களா மேடம், கல்லு மாதிரி நிக்குது. எழுதிடலாம்ல?”

“ஆபீஸ்ல ஃபேன் நின்னுடுச்சே சார். இன்வெர்ட்டர் இல்லையா?”

ரிப்பனுக்கு வெளியே யாரோ மூக்கால் சிரித்தார்கள். இன்வெர்ட்டர் ரிப்பேர் என்றார் அவர். எப்போதிலிருந்து என்றேன். இன்றைக்குக் காலையிலிருந்து என்றார். மறுபடியும் யாரோ சிரித்தார்கள், இந்தத் தடவை ஒருவர் மட்டும் இல்லை.

சோதனை முடிய இன்னும் நேரம் இருக்கிறது, காத்திருப்போம் என்றேன். வெயில் தகரக் கூரைமேல் ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்ட ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, நிக்கிறதுதான் தெரியுதே, இன்னும் எதற்கு என்றார். குரலில் உரிமை ஏறியிருந்தது. அவ்வளவு நம்பிக்கையா என்று கேட்டேன். நூத்துக்கு நூறு என்றார்.

“அப்ப ரிப்பனைத் தாண்டிப் போய் அடியில உங்க காலை நீட்டுங்க சார். இடது கால்.”

அவர் அசைந்திருந்தால் நான் குறுக்கே நின்று தடுத்திருப்பேன். ரிப்பனுக்கும் அவருக்கும் நடுவில்தான் நின்றிருந்தேன். ஆனால் அவர் அசையவில்லை. அசைந்தார், பின்பக்கமாக. ஓர் அடி.

அப்போது கிரேன் ஓட்டுகிறவர் பேசினார். அதே ஆள். அன்று வாயைத் திறக்காதவர்.

“பூஜைக்கே மொதலாளி இதும் கீய வர்றதில்ல மேடம். செயின் கிரேனாண்டதான் நிப்பாரு.”

பத்து வருடத்துக்கு மேல் தாமதமாக வந்த பேச்சு. அவரைப் பார்த்துத் தலைகூட ஆட்டவில்லை நான். அவருக்கும் என்னிடம் ஒரு வரி உண்டு. அது வேறு பட்டியல்.

பிறகு காந்தம் தகட்டை விட்டது. எச்சரிக்கை எதுவும் இல்லை. ஆபீஸுக்கு உழைத்துத் தேய்ந்த நாலு பேட்டரியும், சார்ஜே காணாத மற்றவையும் சேர்ந்து எவ்வளவு நேரம் தாங்க முடியுமோ அவ்வளவு நேரம் தாங்கின. மரக்கட்டைகளில் ஒன்று பிளந்தது. அந்தச் சத்தத்தை நான் இதற்கு முன் கேட்டதில்லை, ஆனால் எனக்குப் பழகியதாக இருந்தது. தூக்கத்தில் நைனா திடுக்கிட்டு எழுவது இதைக் கேட்டுத்தான்.

நான் சிவப்பு அட்டையை எடுத்து, ‘பயன்படுத்தக் கூடாது’ என்று எழுதி, கிரேனின் சுவிட்ச் பெட்டியில் கம்பியால் கட்டினேன். அந்த முடிச்சைப் போட எனக்கு எந்த அவசரமும் இல்லை.

முதலாளி பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தி, வேலை நின்றுவிடும், ஆர்டர் இருக்கிறது, பார்த்துச் செய்யுங்கள் என்றார். புதுப் பேட்டரி போடுங்கள், வந்து திரும்பச் சோதிக்கிறேன் என்றேன். பிறகு, இங்கே ஒருத்தருக்குக் கால் போனதே, நான் அவருடைய மகள் என்றும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நைனாவின் மூக்கு எனக்கு. இப்போது தெரிந்தது.

“அட்டைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல சார். நீங்க என்ன சொன்னாலும் அட்டை அங்கதான் இருக்கும். தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். அன்னிக்கு அவர் குடிச்சிருந்தாரா?”

அவர் சன்னலைப் பார்த்தார். நின்றுபோன மின்விசிறியைப் பார்த்தார். உதடு அசைந்தது.

“இல்ல” என்றார்.

“சத்தமா சொல்லுங்க சார். கிரேன் சத்தத்துல கேக்கல.”

கிரேன் ஓடவில்லை. யார்டில் ஈ பறக்கிற சத்தம் கேட்கும். அவருக்கும் அது தெரியும், ரிப்பனுக்கு வெளியே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

“அவரு குடிக்கல. அன்னிக்கு அவரு குடிக்கல” என்றார், இரண்டு தடவை, எல்லாருக்கும் கேட்கும்படி.

மோரைக் குடிக்காமல் கிளம்பினேன்.

வீட்டில் நைனா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி என்ன சொன்னார் என்றுதான் முதலில் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“ஃபேன் நின்ச்சா?”

“நின்னுச்சு நைனா.”

“எப்டி? டக்குனா, மெதுவாவா?”

மெதுவாக என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திரும்பவும் சொல்லச் சொன்னார், சொன்னேன். மறுநாள் டீக்கடையில் இதே கதையை அவர் சொல்லும்போது முதலாளி அழுதிருந்தார், என் காலில் விழப் பார்த்திருந்தார். தசமப் புள்ளி இடம் மாறினாலே திருத்துகிற நான் அதைத் திருத்தவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நைனா கோயிலுக்குக் கிளம்பினார். பூசை முடிந்ததும் அவரே ஒவ்வொருவரிடமும் தேவைக்கு மேல் ஓர் அடி நெருங்கிப் போய் நின்று பேசினார்.

என் அறிக்கையை மேனேஜர் வரி வரியாகப் படித்தார். எதையும் அடிக்கவில்லை.

யார்டில் இப்போது புதுப் பேட்டரிகள் இருக்கின்றன. பெட்டிக்குப் பூட்டு, பூட்டின் மேல் எங்கள் கம்பெனி முத்திரை. ஆபீஸ் இன்வெர்ட்டருக்கென்று தனியாகப் பேட்டரி வாங்க முதலாளிக்கு இன்னும் மனசு வரவில்லை. அந்தப் பக்கத்துச் சோதனைகளை என் பெயருக்கே மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சொல்லாமல்தான் போவேன். மெயினை இறக்கச் சொல்லிவிட்டு, பழைய இடத்தில் போய் நிற்பேன். தகடு நிற்கும், அசையாது. அதைப் பார்ப்பது என் வேலை, பார்த்து எழுதிவிடுவேன்.

அதற்குப் பிறகு சன்னலைப் பார்ப்பேன். உள்ளே மின்விசிறி நின்றிருக்கும். அதற்கு நேர் கீழே முதலாளி டெலிவரி சலானால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கழுத்திலிருந்து வேர்வை வெள்ளைச் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். மெயினைத் திரும்பப் போடச் சொல்ல எனக்கு எப்போதும் கொஞ்சம் நேரமாகும்.